தாதியருக்கு அதிகாரம் எப்போது?

வயலிலே கண்ணாடி விரியன் தீண்டிய கமக்காரனுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்ப்பிரச்சினை. கண்ணாடிக் குழாயில் விட்ட அவன் இரத்தம் 20 நிமிடத்தில் உறையாவிடின், விஷம் ஏறியமை தெளிவு. இதனை அனுபவமுள்ள தாதி அறிவாள். ஆயினும், விஷமுறி மருந்தேற்றத் தீர்மானிக்கும் அதிகாரம் வைத்தியருக்கே உண்டு. வைத்தியர் இல்லையெனின்?

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். அவ்வெற்றிடத்தின் சுமை கிராமத்து வைத்தியசாலைகளையே முதலில் அழுத்துகின்றது.

பரிகாரம் உண்டு. அமெரிக்காவிலே, கொலராடோப் பல்கலைக்கழகத்தில், 1965 இல் லொரெற்றா போர்ட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் வைத்தியரும் தாதியருக்கு மேற்பயிற்சி அளிக்கத் தொடங்கினர். இன்று அத்தகையோர் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயை நிர்ணயித்து மருந்தும் விதிக்கின்றனர். அப்போதிக்கரிமாரை நம்பிக் கிராம மருந்தகங்களை நடத்திய நம் நாட்டுக்கு இது அந்நிய வழியன்று.

விஷமுறி மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதை நாம் மறக்கவில்லை. ஆதலாற்றான் முறையான பயிற்சியும் பரீட்சையும் சட்ட அங்கீகாரமும் கோருகின்றோம். வைத்தியரின் இடத்தைப் பறிப்பதற்கன்று. அவர் வரும்வரை உயிரைக் காப்பதற்கே. நோயாளியின் மொழியறிந்த தாதியர்க்கே இப்பயிற்சியில் முதலிடம் வேண்டும்.

அதிகாரம் கொழும்பிலே உறங்க, கமக்காரன் வைத்தியசாலை வாங்கிலே சாவதா? சுகாதார அமைச்சு விடை கூறட்டும்!