ஒருமனதாக நிறைவேறியது... அப்புறம்?

மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒருமுறை நாம் படிக்கும் செய்தி ஒன்று உண்டு. நகர்மன்றக் கூட்டம் தலைவர் தலைமையில் நடந்தது. ஆணையாளர் முன்னிலை வகித்தார். உறுப்பினர்கள் குடிநீர், தெருவிளக்கு, நாய்த் தொல்லை பற்றிப் பேசினார்கள். முடிவில் அனைத்துத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டன. நான்கு வரிச் செய்தி. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

அந்த நான்கு வரிக்குள் நம் தெருவும் இருக்கிறது. குப்பை வண்டி தள்ளும் நம் அக்காவின் கூலி, மழை பெய்தால் வீட்டுக்குள் வரும் சாக்கடை, பிணம் தூக்கிப்போகும் பாதை எல்லாம் அந்தத் தீர்மானங்களில்தான் முடிவாகின்றன. நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியும். நகராட்சியில் போன மாதம் நம் வார்டுக்கு என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உறுப்பினர்களுக்கு அஜெண்டா வருகிறது. வரிசை எண் போட்ட பொருள்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அலுவலகக் குறிப்பு. கடைசியில் ‘அனுமதிக்கலாம்’ என்று ஒரு சொல். குழாய் உடைப்பைச் சரிசெய்த செலவு, பேருந்து நிலையக் கடை ஏலம், மோட்டார் பழுது, ஆள் அமர்த்தும் ஒப்பந்த நீட்டிப்பு எல்லாம் இதே நடையில்தான் இருக்கும். எது சின்ன விஷயம், எது பெரிய விஷயம் என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியாது. பல ஊர்களில் எல்லாப் பொருளும் சேர்ந்தே ‘பாஸ்’ ஆகின்றன.

மகாடு நகராட்சி காட்டிய பாடம்

நகராட்சித் தீர்மானம் என்றால் என்ன, அதன் பலம் எது, பலவீனம் எது என்று நமக்குக் கற்றுத்தந்த ஊர் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் உள்ள மகாடு. சின்ன நகராட்சிதான்.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கும் குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அது. தீர்மானம் நிறைவேறியது. அதைப் பின்பற்றி, 1924 ஜனவரி 5 அன்று மகாடு நகராட்சியும் தன் பொறுப்பில் இருந்த சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானம் போட்டது.

அப்புறம் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அந்தத் தீர்மானம் பதிவேட்டில் இருந்தது. குளம் இருந்த இடத்தில் இருந்தது. நம் மக்கள் ஒரு கை தண்ணீர் அள்ளவில்லை, அள்ள விடவில்லை. தீர்மானம் போட்ட நகராட்சியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவர எதுவும் செய்யவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். நகராட்சித் தீர்மானம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உடனே அடி விழுந்தது. குளத்துக்குத் ‘தீட்டுக் கழிக்கும்’ சடங்கும் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி மறுபடி கூடி, 1924 தீர்மானத்தை ரத்து செய்தது. பிறகு வழக்கு. கடைசியில் 1937 மார்ச் 17 அன்றுதான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நகராட்சி தீர்மானம் போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 13 ஆண்டுகள்.

சென்னை மாகாணத்திலும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் இதேபோன்ற தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்பது அதன் சாரம். அது எழுத்தில் வந்து நூறாண்டு ஆகிவிட்டது. எத்தனை தெருக்களில் நடைமுறைக்கு வந்தது என்பதை இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மகாடு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. தீர்மானம் இல்லாமல் உரிமை கேட்பது கடினம். அம்பேத்கருக்கும் அந்த நகராட்சித் தீர்மானம் ஒரு பிடியாக இருந்தது. ஆனால் தீர்மானம் தானாக நடக்காது. பின்னால் போய்க் கேட்க ஆள் வேண்டும்.

குப்பை ஒப்பந்தம் என்ற ‘சாதாரணப் பொருள்’

இப்போது நம் ஊர் அஜெண்டாவுக்கு வருவோம். திரும்பத் திரும்ப வருகிற பொருள், தூய்மைப் பணிக்குத் தனியார் மூலம் ஆள் அமர்த்துவது. அலுவலகக் குறிப்பில் டன் கணக்கும் ரூபாய்க் கணக்கும் இருக்கும். அந்த வேலையில் பெரும்பாலும் நம் மக்கள்தான் இருக்கிறார்கள் என்பது இருக்காது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நாடே பார்த்த அந்தப் போராட்டத்தின் பின்னாலும் ஒரு மாமன்றத் தீர்மானம் இருந்தது. அது நிறைவேறிய நாளில் யார் கவனித்தார்கள்? நகராட்சிகளில் இதே தீர்மானம் சத்தமில்லாமல் நிறைவேறுகிறது.

அந்தப் பொருள் வரும்போது நம் கவுன்சிலர் கேட்க வேண்டியது என்ன? ஒப்பந்ததாரர் தரும் கூலி, ஆட்சியர் நிர்ணயித்த கூலிக்குக் குறையாமல் இருக்கிறதா? பிடித்தம் செய்யும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் அவரவர் கணக்கில் ஏறுகிறதா? கையுறையும் காலணியும் யார் பொறுப்பு?

இன்னொன்று இன்னும் முக்கியம். சாக்கடைக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல்முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், இப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்த வேலையில் சாவு நடந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்ய வேண்டும், பணப் பொறுப்பையும் சுமத்த வேண்டும் என்றும் சொன்னது. இந்த நிபந்தனை நம் நகராட்சி போடும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? ‘அனுமதிக்கலாம்’ என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

நம் தெருவுக்கு எந்தப் பணம்?

அடுத்தது, பணிகள் பட்டியல். எந்தத் தெருவுக்கு பேவர் பிளாக், எந்தத் தெருவுக்குக் கால்வாய் என்ற பட்டியல்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அந்த விகிதத்துக்கு ஏற்ப மாநிலத் திட்ட நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காக 2024 பிப்ரவரியில் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. நல்லது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தெருவில் வேலை என்றாலே ‘ஆதிதிராவிடர் நிதி வரட்டும்’ என்கிறார்கள். அது வராவிட்டால் வேலை இல்லை. நகராட்சியின் பொது நிதி மற்ற தெருக்களுக்குப் போகிறது. நாமும் சொத்து வரி கட்டுகிறோம், குடிநீர்க் கட்டணம் கட்டுகிறோம். பொது நிதியில் நமக்கும் பங்கு உண்டு. துணைத்திட்ட நிதி அதற்கு மேல் கூடுதலாக வர வேண்டியது. பொது நிதிக்குப் பதிலாகத் தருவதற்காக அது ஏற்பட்டதல்ல.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றுவது பற்றி அரசாணை வந்தது. இவையும் உள்ளாட்சி மன்றங்களின் மேசைக்கு வருகிற பொருள்கள்தான். வரவேற்கிறோம். பெயரில் இருந்த இழிவு போக வேண்டும். ஆனால் பலகை மாற்றுவதற்குச் செலவு குறைவு. பலகை மாறிய தெருவில் கால்வாய் வந்ததா, இரண்டு மயானத்துக்கும் ஒரே மாதிரி தண்ணீரும் விளக்கும் வந்ததா என்பதை அடுத்த மாத அஜெண்டாவில் பார்ப்போம்.

நாற்காலி சும்மா கிடைக்கவில்லை

அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவு, நகராட்சிகளில் மக்கள் தொகைக்கு ஏற்ப நமக்கு இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 1993 ஜூன் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. இதனால்தான் 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு 2022-இல் முதன்முதலாக ஒரு தலித் பெண், ஆர்.பிரியா, மேயர் ஆனார்.

இந்த நாற்காலிக்கு நாம் கொடுத்த விலை அதிகம். மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்படிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, படிக்காத பொருளுக்குக் கை தூக்குவது நியாயமா என்று நம் உறுப்பினர்களிடம் நாம் உரிமையோடு கேட்கலாம்.

அவர்களுக்கு நெருக்கடி இல்லை என்று சொல்லவில்லை. கட்சி ஒன்று சொல்லும், ஒப்பந்ததாரர் ஒன்று சொல்வார். பெண் உறுப்பினர் என்றால் வீட்டுக்காரரே வந்து பேசுவார். ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சி, நகராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைக் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தச் சட்டத்தில், பிரிவு 3(1)(எம்) இதைத் தெளிவாகச் சொல்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நாற்காலி போடாமல் நிற்கவைப்பது, பேச விடாமல் மைக்கைப் பிடுங்குவது போன்ற செயல்களைக் ‘கட்சிக்குள் பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட வேண்டியதில்லை.

கிராமத்தில் இருப்பவருக்கு என்ன?

‘நாங்கள் ஊராட்சி. நகராட்சிக் கதை எங்களுக்கு எதற்கு?’ என்று சிலர் நினைக்கலாம். நகரத்தில் குப்பை அள்ளப் போகிறவர் கிராமத்திலிருந்தும் போகிறார். இன்னொன்று, 2025 ஜனவரியில் நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை இணைக்கும் அரசு அறிவிப்பு வந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று பல ஊர் மக்கள் ஆட்சியர் அலுவலகம் போய் மனு கொடுத்தார்கள். இணைந்துவிட்டால் கிராமசபையும் இல்லை.

நகர்ப்புறத்துக்கு வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாட்டுக்கு 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பல நகரங்களில் பகுதி சபை கூடியது. கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். அந்தப் பழக்கம் நகரத்துக்கும் வர வேண்டும். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, யார் தெருவில் கூடியது என்று விசாரியுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

கல்லூரியில் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த ஓராண்டு நகர்மன்றக் கூட்டங்களின் அஜெண்டா, தீர்மானப் பதிவேடு ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். பிறகு ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தீர்மான எண், எந்தத் தெரு, எந்த நிதி, வேலை முடிந்ததா? முதல் மூன்றும் தாளில் கிடைக்கும். நான்காவதற்கு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

அந்த நோட்டை உங்கள் கவுன்சிலரிடம் காட்டுங்கள். சண்டைக்கு அல்ல, அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்பதற்காக. தனியாளாக எழுந்து நிற்கும் உறுப்பினருக்குப் பின்னால் தெரு இருக்கிறது என்று மன்றத்துக்குத் தெரிய வேண்டும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எத்தனை தீர்மானம் போட்டோம் என்று பட்டியல் தருவார்கள். எத்தனை நடந்தது என்ற பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். மகாடு மக்களுக்கு மூன்று ஆண்டு கழித்துக் குளத்துக்கு நடந்துபோக வேண்டியிருந்தது. நாம் அடுத்த மாதமே நகராட்சி அலுவலகத்துக்கு நடக்கலாம்.