பேட்டரியைச் சாகடிப்பது யார்?

"லேப்டாப் பேட்டரின்னா ரெண்டு மூணு வருஷம்தான் சார். அதுக்கப்புறம் மெஷினையே மாத்திடணும்."

புதுச்சேரியில் ஒரு கடையில், கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்ற தம்பி இப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடம் பேட்டரிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். என்னிடமா இந்தக் கதை? அங்கே கோபத்தைக் காட்டவில்லை. இங்கே காட்டுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு. என் மகன் தவணையில் 42,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். மேற்கு ஜன்னலோரம் மேஜை போட்டு, சார்ஜரைச் சொருகி வைத்தோம். சொருகியது சொருகியபடியே நான்கு வருடம் கிடந்தது. "கரண்ட் எப்போ போகும்னு யாருக்குத் தெரியும், எப்பவும் ஃபுல்லா இருக்கட்டும்" என்று உபதேசம் செய்த மகானுபாவன் நானேதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கொட்டித் தீர்த்த மழையில் எங்கள் இடையஞ்சாவடியும் இருளில் மூழ்கியது. பேத்திக்குக் கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட். லேப்டாப்பைத் திறந்தாள். திரையின் மூலையில் 100 சதவீதம் என்று காட்டியது. ஏழாவது நிமிடம் அணைந்துவிட்டது.

"தாத்தா, நூறுன்னு காட்டிச்சே!" என்றாள், அழாத குறையாக.

காட்டத்தான் செய்யும். தூர்ந்துபோன ஏரி நிரம்பினாலும் "ஏரி ரொம்பிடுச்சு" என்றுதானே சொல்கிறோம்? அதில் எத்தனை போகத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்பது வேறு கணக்கு. பேட்டரி காட்டும் நூறு, இன்று மிச்சம் இருக்கிற கொள்ளளவில் நூறு. வாங்கிய அன்று இருந்த கொள்ளளவில் அல்ல.

இனி, நான் ஏன் அப்படி உபதேசம் செய்தேன் என்பதற்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் பலரும் இதே தவறைச் செய்வதால் இது முக்கியம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று தனி அறை உண்டு. இரண்டு வோல்ட் ஈய அமில செல்கள் இருபத்துநான்கு, வரிசையாக இணைத்து 48 வோல்ட். ஊரே இருண்டாலும் டெலிபோனில் மட்டும் டயல் டோன் கேட்டதற்குக் காரணம் அந்த அறைதான். ஹைட்ரோமீட்டர் விட்டு ஒவ்வொரு செல்லின் அடர்த்தியையும் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கடற்கரைப் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் உப்புக்காற்று டெர்மினலைத் தின்றுவிடும் என்பதால் வாஸலீன் தடவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: பேட்டரி எப்போதும் முழுதாக நிரம்பி இருக்க வேண்டும். ஈய அமில பேட்டரியைக் காலியாக விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகிக் கெட்டுவிடும். இன்று வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய பேட்டரிக்கும் இதே விதிதான்.

அடுத்து வந்தது நிக்கல் காட்மியம். வாக்கி டாக்கி, கார்ட்லெஸ் போன், ஷேவிங் மெஷின் காலம். அதற்கு வேறு விதி சொன்னார்கள். அவ்வப்போது முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். "மாசம் ஒரு முறை ஜீரோவுக்குக் கொண்டு போங்க" என்று இன்றும் லேப்டாப்புக்கு வைத்தியம் சொல்கிறவர்கள், அந்தச் செத்துப்போன பேட்டரியின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு பலன் சொல்கிறவர்கள்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான். 1991-ல் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதை உருவாக்கிய மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97 என்பதை நம் கூட்டத்தார் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம்! இந்த பேட்டரியின் குணம் முந்தைய இரண்டுக்கும் நேர் மாறானது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதும் இதற்கு ஆகாது, முழுப் பட்டினியும் ஆகாது. முழுதாக நிரம்பிய செல்லில் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் ரசாயனம் தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொள்ளும். கூடவே வெப்பமும் சேர்ந்தால் சிதைவு வேகமெடுக்கும்.

பேட்டரி சோதனைக் கருவிகள் செய்யும் கேடெக்ஸ் என்ற கனடா நாட்டுக் கம்பெனி வெளியிட்ட அட்டவணை ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரியை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் சும்மா வைத்தால் ஏறக்குறைய 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே முழு சார்ஜில், 40 டிகிரியில் வைத்தால் மிஞ்சுவது 65 சதவீதம். பயன்படுத்தாமல் வைத்திருந்ததற்கே இந்த இழப்பு!

40 டிகிரி என்றால் நமக்குப் புதிதா? சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னலோரம் அதைத் தொடுவது பெரிய காரியமில்லை. வடக்கே மரக்காணம் உப்பளத்தில் அந்த வெயில்தான் சோறு போடுகிறது. உப்புக்கு உயிரான வெயில் பேட்டரிக்கு எமன். நான் நான்கு வருடம் பேத்தியின் லேப்டாப்பை நூறில் நிறுத்தி, வெயிலில் காய வைத்து, மேலே பூப்போட்ட துணியும் போர்த்தியிருக்கிறேன். என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்னை மட்டும் கூண்டில் ஏற்றினால் போதாது. லேப்டாப் செய்கிற கம்பெனிகளுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் லெனோவோ, டெல், எச்பி, ஆசுஸ் போன்றவர்களின் பல மாடல்களில், சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்தோடு நிற்கும்படி ஒரு வசதியை வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள்? ஒருவர் அதற்கென்று தனி செயலிக்குள், இன்னொருவர் மெஷின் உயிர் பெறும்போது மட்டும் திறக்கிற பயாஸ் பக்கத்தில். பெரும்பாலும் அணைத்தே வைத்திருக்கிறார்கள். மருந்தை டப்பாவில் போட்டு, டப்பாவைப் பரணில் போட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போனவரை நல்ல வைத்தியர் என்பீர்களா? பேட்டரி நீடித்தால் அடுத்த மெஷின் விற்பது தள்ளிப்போகும். இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

"80-ல் நிறுத்தினால் கரண்ட் போகும்போது 20 சதவீதம் நஷ்டமாயிற்றே" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. 2012-ல் நாள் முழுக்கப் பவர் கட்டில் வெந்தவர்கள் நாம், பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் புயல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. எச்சரிக்கை வந்த அன்று டேங்கில் தண்ணீர் ஏற்றுகிறோம், மெழுகுவர்த்தி வாங்குகிறோம், அரிசி மாவு அரைத்து வைக்கிறோம். அன்றைக்கு லேப்டாப்பையும் நூறுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் விருந்தில் யாரும் சாவதில்லை. தினம் விருந்து என்றால்தான் ஆபத்து. தவிர, பழுதில்லாத பேட்டரியின் 80 சதவீதம் மூன்று மணி நேரம் ஓடும். கெட்டுப்போன பேட்டரியின் 100 சதவீதம் எத்தனை நேரம் ஓடியது என்று என் பேத்தியைக் கேளுங்கள்.

அடுத்த அநியாயம், பேட்டரியை உள்ளே வைத்து மூடுவது. முன்பெல்லாம் லேப்டாப்பைக் கவிழ்த்தால் அடியில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும். தள்ளினால் டார்ச் லைட் மாதிரி பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது மெஷின் அப்பளம் மாதிரி மெலிசாக வேண்டுமென்று, பத்து ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் உள்ளே போக முடியும். சிலவற்றில் பசை போட்டு ஒட்டியே விட்டார்கள். ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டுவிட்டது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சாதனங்களில், சில விதிவிலக்குகள் போக, வாங்கியவரே பேட்டரியை எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம்தான். கழற்றும்படி செய்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தால் அல்லவா முழுமை?

இதை நான் என் வீட்டு மெஷினுக்காக மட்டும் சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் பக்கத்தில் முந்திரிக் காட்டிலும் உப்பளத்திலும் கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குள் முதன்முதலில் நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் கணினி தரப்போவதாக அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பேட்டரி போனால் வேறு மெஷின் வாங்கிக்கொள்ளும். உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது ஒன்றுதான். ஆகவே இப்படி மொத்தமாக வாங்குகிற யாரும் மூன்று நிபந்தனை போட வேண்டும். 80 சதவீதக் கட்டுப்பாட்டைப் போட்டே கொடுக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் பேட்டரியை மாற்ற முடிய வேண்டும். ஏழெட்டு வருடமாவது அசல் பேட்டரி நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனி மாட்டேன் என்று சொல்லும்?

அதுவரை நாம் செய்யக்கூடியவை. வீட்டிலிருக்கும் பிள்ளைகளைவிட்டு சார்ஜ் கட்டுப்பாட்டைப் போடச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத மெஷினாக இருந்தால் 80-ஐத் தொட்டதும் சார்ஜரைக் கழற்றி, 30 பக்கம் வந்ததும் மாட்டுங்கள். மெத்தை மேல், தலையணை மேல் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். நம் செம்மண் புழுதியை வருடம் ஒரு முறையாவது உள்ளிருந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் அணைத்துவிட்டுப் போங்கள். பேட்டரி உப்பி, மெஷினின் அடிப்பாகம் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் உடனே விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். தீப்பிடிக்கக்கூடியது.

அந்தக் கண்ணாடி மேஜைத் தம்பியிடமிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு, வேறொரு தெருவில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பையனிடம் போனேன். ஸ்க்ரூக்களைக் கழற்றி, லேசாக உப்பியிருந்த பேட்டரியை எடுத்துக் காட்டினான். "மெஷின் நல்லாத்தான் ஐயா இருக்கு. இது ஒண்ணுதான் போயிருக்கு" என்றான். புது பேட்டரியும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய். 80-ல் நிற்கும்படி அவனே போட்டும் கொடுத்தான்.

பேத்தி அதே மெஷினில் புராஜெக்ட்டை முடித்தாள். இப்போது வேலைக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறாள். மேஜையை மேற்கு ஜன்னலிலிருந்து உள்பக்கம் தள்ளிப் போட்டுவிட்டேன். பூப்போட்ட துணி மிக்ஸிக்குப் போய்விட்டது.