குரலைக் கேட்காமல் விதித்த தண்டனை

ஊருக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்பதற்காக ஊரையே சிறையில் தள்ள எந்த நீதியும் இடம் கொடுக்காது. தன்னை நம்பிப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் பிரிட்டன் அதைத்தான் செய்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அந்த அநீதியை அது முழுமையாகச் சரிசெய்யவில்லை.

2014 பிப்ரவரியில் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, லண்டன் தேர்வு மையங்களில் ரகசியமாகப் படம்பிடித்த காட்சிகளை ஒளிபரப்பியது. மாணவர் விசா பெற உதவும் ‘டோயிக்’ ஆங்கிலத் தேர்வில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் உட்கார்ந்து பேசுகிறார். வேறொரு தாளுக்குக் கண்காணிப்பாளரே விடைகளை வாசித்துக்காட்டுகிறார். அப்பட்டமான மோசடி. அதை நடத்தியவர்களில் இருபத்தைந்து பேர் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள், அது நியாயம். பணம் கொடுத்து ஆள்மாறாட்டம் செய்த மாணவர்களுக்காகவும் நாம் வாதாடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநீதி. தேர்வை நடத்திய அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனத்திடமே பழைய தேர்வுகளைச் சோதித்துத் தரும்படி பிரிட்டன் உள்துறை கேட்டது. தன் மையங்களில் மோசடி நடக்க விட்ட நிறுவனமே நீதிபதியானது. 2011 முதல் 2014 வரை நடந்த 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் குரல் ஒப்பீட்டு மென்பொருள் கொண்டு அலசி, 58 சதவீதம் மோசடி, 39 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று அது பட்டியல் கொடுத்தது. நூற்றுக்கு மூன்று பேர்தான் யோக்கியர்கள் என்று ஒரு பட்டியல் சொன்னால், மாணவர்களைச் சந்தேகிப்பதற்கு முன்பு பட்டியலையல்லவா சந்தேகித்திருக்க வேண்டும்? அதைச் சரிபார்க்கும் நிபுணத்துவம் உள்துறையிடம் இல்லை என்பதைப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2019 மே மாத அறிக்கையில் எழுதியது. ஆனாலும் விசாக்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின.

அதைவிடக் கொடியது, பதில் சொல்ல வாய்ப்பே தராதது. பிரிட்டனில் இருந்தபடி மேல்முறையீடு செய்யும் உரிமை பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டது. முதலில் நாட்டைவிட்டுப் போ, பிறகு அங்கிருந்து வழக்காடு என்றார்கள். தம்முடையது என்று சொல்லப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்பதற்கே பலர் போராட வேண்டியிருந்தது. கேட்டவர்களில் சிலர், ‘இது என் குரல் அல்ல, நான் எழுதிய தேர்வின் பதிவு எங்கே?’ என்று கேட்டார்கள். அந்தப் பதிவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு உறுதியான ஆவணம் இல்லை. அரசின் சான்றுகளில் பல குறைகள் இருப்பதை 2016-இல் குடியேற்ற மேல் தீர்ப்பாயம் சுட்டிக்காட்டியது. வெளிநாட்டிலிருந்து முறையிடுவது இத்தகைய வழக்குகளுக்குப் போதுமான பரிகாரம் ஆகாது என்று 2017 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் காலம் கடந்திருந்தது. தணிக்கை அறிக்கையின் கணக்குப்படி சுமார் 2,500 பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். 7,200 பேர் எச்சரிக்கைக்குப் பின் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். 3,600 பேர் முறையீட்டில் வென்றார்கள். வென்ற எல்லோருமே ஏமாற்றாதவர்கள் என்று நிரூபணமாகிவிடவில்லை என்கிறது உள்துறை. ஏமாற்றினார்கள் என்று முதலில் நிரூபிக்க வேண்டிய கடமை தன்னுடையது என்பதை அது இன்னும் உணரவில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் அரசியல். குடியேற்றத்தை ஆண்டுக்குச் சில பத்தாயிரங்களாகக் குறைப்போம் என்று வாக்குறுதி தந்து ஆட்சிக்கு வந்தது அன்றைய பிரிட்டன் அரசு. உள்துறைச் செயலாளராக இருந்த தெரசா மே, சட்டவிரோதக் குடியேறிகளுக்கு நாட்டையே பகைமை நிறைந்த இடமாக்குவோம் என்று வெளிப்படையாக அறிவித்திருந்தார். வெளிநாட்டு மாணவன்தான் எண்ணிக்கையில் எளிதில் கழிக்கக்கூடியவன். உள்நாட்டு மாணவனைவிடக் கூடுதல் கட்டணம் கட்டியவனும் அவனே.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்துப் பிள்ளைகள். இந்த வீடுகளில் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போவது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். நகை அடகுக்குப் போகிறது, காணி கைமாறுகிறது, வங்கிக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பிள்ளை பட்டமில்லாமல் திரும்பி வந்தால் கடன் மட்டுமா மிச்சம்? ‘அங்கே போய் ஏமாற்றி மாட்டிக்கொண்டானாமே’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. ஒரு பெரிய அரசாங்கமே சொன்னதை மறுத்து எந்தச் சொந்தக்காரன் நம்புவான்? பெற்றோரிடம்கூட உண்மையைச் சொல்லாமல், வேலை செய்யவும் படிக்கவும் அனுமதியின்றி லண்டனிலேயே ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியவர்கள் உண்டு. அவர்களுக்காகப் பேசிய பிரிட்டன் அரசியல்வாதிகள் வெகு சிலரே. நம் தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமின் எம்.பி. ஸ்டீஃபன் டிம்ஸ் அவர்களில் முதன்மையானவர். அவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

தவறைத் திருத்த வழி தெரியாத நாடல்ல பிரிட்டன். பிழையான கணினிக் கணக்கை நம்பித் திருடர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட அஞ்சலகப் பொறுப்பாளர்களின் தண்டனைகளை 2024-இல் தனிச் சட்டம் போட்டே அது ரத்துசெய்தது. கணினி சொன்னதை மனிதன் சொன்னதற்கு மேலாக நம்பிய அதே பிழைதான் இங்கும். அவர்களுக்குக் கிடைத்த நீதி இவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? உள்துறையின் பிடியில் இல்லாத ஒரு சுயேச்சைக் குழு, கட்டணமில்லாமல், ஒவ்வொருவரின் வழக்கையும் மீண்டும் பார்க்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் ஆவணங்களிலிருந்து மோசடிக் குறிப்பை நீக்க வேண்டும். இழந்த கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இந்திய அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் விஸ்கிக்கும் காருக்கும் வரி குறைக்க இடமிருந்தது. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இந்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலை டெல்லி வைக்கட்டும். அன்று இருபதுகளில் இருந்தவர்கள் இன்று முப்பதுகளைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். பல நாட்டு விசா விண்ணப்பங்களில் ‘இதற்கு முன் எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதும் நிலையிலிருந்து அவர்களை விடுவிப்பது இரண்டு அரசுகளின் கடமை.