‘பிக்சட்’ வேலை நிரந்தர வேலையா?

வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமன உத்தரவு கொடுத்தாக வேண்டும். 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நாடு முழுவதும் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களில் இதுவும் ஒரு விதி. "நாளை முதல் வா" என்ற வாய்ச் சொல்லை நம்பி வேலை பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால், இது பெரிய நன்மைதான்.

ஆனால் காகிதம் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கேள்வியின் முக்கியம் புரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது. 2007-ல் சாம்சங் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று வரிசையாக வந்துவிட்டன. வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்றால், கூட்டம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே வேலைக்கு வருகிறவர்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். தமிழில் படித்தவர்கள். ஆனால் பாக்டரிக்குள் கால் வைத்தால் எல்லாமே இங்கிலீஷ். ஷிப்டு, லைன், ஓ.டி., டிரெயினி, காண்ட்ராக்ட். ஒரே மாதத்தில் இவை தண்ணீர் பட்ட பாடு ஆகிவிடும். வீட்டில் அம்மாவுக்குக்கூடப் புரியும்.

தொல்லை அங்கேதான் ஆரம்பம். நம் வாயில் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம். காகிதத்தில் வேறோர் அர்த்தம்!

‘பிக்சட் டேர்ம்’ என்பதைப் பாருங்கள். "கல்யாணம் பிக்ஸ் ஆகிவிட்டது" என்றால் நிச்சயமாகிவிட்டது என்று பொருள். "வேலை பிக்ஸ் ஆகிவிட்டது" என்றாலும் அப்படித்தான். ஆகவே உத்தரவில் ‘பிக்சட்’ என்று பார்த்ததும் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே நிச்சயமாக்கப்படுவது வேலை அல்ல. வேலை முடியும் தேதி! ‘டேர்ம்’ என்றால் தவணை. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்பதே இதன் பொருள். அந்தக் காலம் முடிந்து வேலை நின்றால், புதிய சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்புக்கு உரிய நஷ்டஈடும் கிடையாது.

ஒரு லாபமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் 5 ஆண்டு வேலை பார்த்தால்தான் பணிக்கொடை. பிக்சட் டேர்மில் சேர்ந்தவருக்கு ஓராண்டு வேலை பார்த்தாலே பணிக்கொடை உண்டு.

‘மே’யும் ‘ஷல்’லும்

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் படித்தவர்களுக்கு ‘மே’, ‘ஷல்’ என்ற இரண்டு சின்னச் சொற்கள் நினைவிருக்கும். பரீட்சையில் அரை மார்க்கு விஷயம். வேலை உத்தரவில் அது வாழ்க்கை விஷயம்.

‘பயிற்சி முடிந்ததும் மே பி கன்பர்ம்டு’ என்ற மாதிரி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கிறவர், "பயிற்சி முடிந்ததும் நிரந்தரம் ஆக்குவார்கள்" என்று எடுத்துக்கொள்கிறார். அது தவறு. ‘மே’ என்றால் ஆக்கலாம், ஆக்காமலும் இருக்கலாம். ‘ஷல்’ என்று இருந்தால்தான் ஆக்கியே தீர வேண்டும். தமிழில் ‘கொடுக்கலாம்’ என்பதற்கும் ‘கொடுக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள அதே தூரம். தமிழில் எழுதியிருந்தால் பாட்டிகூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

‘மே பி கன்சிடர்டு’ என்று இருந்தால் இன்னும் ஒரு படி கீழே. நிரந்தரம் ஆக்குவதைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம் என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

சட்டங்களிலும் இந்தச் சொற்களுக்கு மதிப்பு அதிகம். 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில், விதிகளை எல்லாம் நிறைவேற்றிய சங்கத்தைப் பதிவாளர் பதிவு செய்ய வேண்டும் என்று ‘ஷல்’ போட்டுத்தான் எழுதியிருந்தார்கள்.

அந்தச் சட்டம் அமுலில் இருந்தபோதுதான் சுங்குவார்சத்திரம் அருகே உள்ள சாம்சங் தொழிற்சாலையில் வேலை நிறுத்தம் நடந்தது. 2024-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கி 37 நாட்கள் நீடித்தது. கூலி உயர்வு மட்டும் பிரச்சினை அல்ல. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் முக்கியமான கோரிக்கை. சங்கத்தின் பெயர் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’. தங்கள் கம்பெனியின் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. விஷயம் ஐகோர்ட்டு வரை போனது. முடிவில் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

இதில் ஓர் இலக்கண விஷயம் இருக்கிறது. மரப்பெட்டி என்றால் மரத்தால் செய்த பெட்டி. துணிப்பெட்டி என்றால் துணியால் செய்த பெட்டியா? இல்லை, துணி வைக்கும் பெட்டி. இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் உள்ள சொல் மறைந்துவிடுகிறது. இங்கிலீஷிலும் இப்படித்தான். ‘சாம்சங் தொழிலாளர் சங்கம்’ என்றால் சாம்சங்கில் வேலை செய்கிறவர்களின் சங்கம். சாம்சங் கம்பெனி நடத்தும் சங்கம் என்று யாரும் ஏமாந்துவிட மாட்டார்கள்.

யார் முதலாளி?

‘எம்ப்ளாயர்’, ‘எம்ப்ளாயீ’ என்ற இரண்டு சொற்களும் பலரைக் குழப்புகின்றன. வழி சுலபம். ‘அர்’ என்று முடிந்தால் செய்கிறவர். ‘ஈ’ என்று முடிந்தால் அந்தச் செயலுக்கு ஆளாகிறவர். வேலை கொடுக்கிறவர் எம்ப்ளாயர். வேலைக்கு வைக்கப்பட்டவர் எம்ப்ளாயீ. பயிற்சி தருகிறவர் டிரெயினர். பெறுகிறவர் டிரெயினி.

இந்த டிரெயினி பட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. 1961-ம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டப்படி சேர்க்கப்பட்டவர் பயிற்சி பெறுகிறவர்தான். தொழிலாளி அல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் வராத ஒருவருக்குக் கம்பெனியே ‘டிரெயினி’ என்று பெயர் வைத்தால், பெயரோடு விஷயம் முடிந்துவிடாது. அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையும் கோர்ட்டுகள் பார்ப்பது உண்டு.

‘காண்ட்ராக்ட்’ என்ற சொல் இதற்கு நேர்மாறாகப் பயமுறுத்தும். உத்தரவின் தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், "ஐயோ, காண்ட்ராக்ட் ஆளாகப் போட்டுவிட்டார்களே!" என்று கலங்குகிறவர்கள் உண்டு. காண்ட்ராக்ட் என்றால் ஒப்பந்தம். நிரந்தரத் தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் இடையில் இருப்பதும் ஒப்பந்தம்தான். ஆகவே தலைப்பைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எம்ப்ளாயர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டரின் பெயர் இருந்தால், அப்போதுதான் ‘காண்ட்ராக்ட் ஆள்’.

அந்த இடத்தில் இன்னொரு சொல்லும் வரும். ‘பிரின்சிபல் எம்ப்ளாயர்’. காலேஜ் பிரின்சிபாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடன் பத்திரத்தில் இதே சொல் வந்தால் ‘அசல்’ என்று அர்த்தம். இங்கே ‘முதன்மை முதலாளி’, அதாவது யாருடைய தொழிற்சாலையில் வேலை நடக்கிறதோ அந்தக் கம்பெனி. காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் கையை விரித்தால், அந்தக் கூலியை முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும். 1970-ம் ஆண்டுச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. புதிய சட்டத்திலும் இருக்கிறது. இந்த ஒரு சொல் தெரியாமல் கூலியை விட்டுவிட்டு ஊருக்குப் போவது எவ்வளவு பரிதாபம்!

லே-ஆப் என்றால் வீட்டுக்குப் போவதா?

பத்திரிகையில், "அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் லே-ஆப்" என்று செய்தி வருகிறது. அங்கே அந்தச் சொல்லைப் பெரும்பாலும் வேலை போய்விட்டது என்ற பொருளிலேயே சொல்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி அல்ல. மூலப்பொருள் வரவில்லை, மின்சாரம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது என்பது போன்ற காரணத்தால் கொஞ்ச நாள் வேலை கொடுக்க முடியாமல் போவதே லே-ஆப். வேலை போகவில்லை. ஓராண்டு வேலை பார்த்தவருக்கு, 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையாக இருந்தால், அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி உண்டு.

ஒரேயடியாக வேலையை விட்டு அனுப்புவதற்கு ‘ரிட்ரென்ச்மென்ட்’ என்று பெயர். தமிழில் ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீசு அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். 300 பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலையானால் சர்க்காரின் அனுமதியும் தேவை. பழைய சட்டத்தில் இந்த எண்ணிக்கை 100 ஆக இருந்தது. எண்ணிக்கை ஏறியதால் அனுமதி கேட்கத் தேவையில்லாத தொழிற்சாலைகள் கூடிவிட்டன.

இன்னொரு சொல் ‘வாலன்டரி’. தானாக விரும்பி என்று அர்த்தம். நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ந் தேதி மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் ‘வாலன்டரி’ ஓய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்திருந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். இருபது, இருபத்தைந்து வயதில் ‘ஓய்வு’ என்பதே வினோதமான சொல்தான். விருப்ப ஓய்வில் போனவரைச் சட்டம் ஆட்குறைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்ன பணம் கிடைக்கும் என்பது அந்தத் திட்டத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

நல்ல வேடம் போட்டு வரும் சொற்களும் உண்டு. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழக சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. ‘பிளெக்சிபிள்’ வேலை நேரம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். வளைந்து கொடுப்பது என்று பொருள். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் வளைவது யார்? ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு அது வழி திறக்கிறது என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று அந்த மசோதா வாபஸ் என்று முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

‘ஸ்டிரைக்’ என்ற சொல்லின் கதை ருசியானது. 1768-ல் லண்டன் துறைமுகத்தில் கப்பல் தொழிலாளர்கள் பாய்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போக மறுத்தார்கள். பாயை இறக்குவதற்கு இங்கிலீஷில் ‘ஸ்டிரைக்’ என்று பெயர். அதிலிருந்து வந்தது இது. இன்று புதிய சட்டம் இந்தச் சொல்லை இன்னும் நீட்டிவிட்டது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பேசிக்கொண்டு கேசுவல் லீவு போட்டாலும் அது வேலை நிறுத்தமே. முறைப்படி நோட்டீசு கொடுத்து 14 நாள் போகாமல் செய்தால் சட்ட விரோதம். "லீவுதானே போட்டோம்" என்ற சமாதானம் இனிமேல் எடுபடாது.

தொழிற்சாலையின் நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குத் தெரிந்த மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று 1946-ம் ஆண்டுச் சட்டமே சொன்னது. சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு இருந்த அந்த நியாயம், கையில் கொடுக்கும் காகிதத்துக்கும் பொருந்தத்தானே வேண்டும்? உத்தரவோடு தமிழில் ஒரு பிரதி சேர்த்துக் கொடுப்பதால் எந்தக் கம்பெனிக்கும் நஷ்டம் வந்துவிடாது.

இப்படிப்பட்ட காகிதங்களில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு வரி இருப்பது வழக்கம். ‘ஐ ஹாவ் ரெட் அண்டு அண்டர்ஸ்டுட்’. எழுத்தில் பார்த்தால் ‘ரீட்’டும் ‘ரெட்’டும் ஒன்றே. ‘ஹாவ்’ முன்னால் வந்தால் ‘ரெட்’ என்று படிக்க வேண்டும், இறந்த காலம். "படிப்பேன்" என்றல்ல, "படித்துப் புரிந்துகொண்டுவிட்டேன்" என்று அர்த்தம். ஊரில் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்து அதன்கீழ் கையெழுத்துப் போடும்போதே, படித்தாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது!