பணம் போன பிறகு எந்தக் கதவைத் தட்டுவது?

சின்னம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. 2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்த பை அது. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், பிறகு செட்டிகுளம் முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு என்று எல்லாம் அதற்குள்தான். கடந்த வருடம் நான் அவரது வீட்டுக்குப் போயிருந்தபோது அதே பையிலிருந்து புதிதாக ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். ரொறன்ரோவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் மூத்த மகன் அனுப்பிய கடனட்டைக் கூற்று. சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடையில் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

அதில் 38 வரிகள். எல்லா வரியிலும் ஒரே பெயர்: ஓர் இணைய விளையாட்டுக் கடை. கூட்டிப் பார்த்தால் 520 கனேடிய டொலர். எங்கள் காசில் ஒரு இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவுக்கு மேல்.

மூத்தவன் தான் பாவித்த கைத்தொலைபேசியைத் தம்பிக்கு அனுப்பியிருந்தான். ஆங்கிலம் படிக்கும் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டுவதற்காகத் தன் அட்டையை அதிலே பதிந்தும் விட்டிருந்தான். தம்பிக்கு 15 வயது. போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டொன்றில் உடுப்பும் ஆயுதமும் வாங்க "வைரம்" தேவைப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் வைரம் வந்தது. காசு போவது தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து அண்ணனின் கைக்குக் கூற்று வந்தபோதுதான் வீட்டில் இடி விழுந்தது.

"ஆரிட்டைப் பிள்ளை போய்க் கேக்கிறது? அவங்கட கந்தோர் எங்க இருக்கு?" என்று சின்னம்மா கேட்டார். கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் மனு எழுதிப் பழகிய ஒருவரின் கேள்வி இது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கெட்டித்தனமான ஒரு மனுவை எழுதத் தெரிந்தவர்கள்கூட இந்த விடயத்தில் எங்கே தவறிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், நாங்களும் தவறினோம்.

முதலில் தட்டிய கதவு

மூத்தவன் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். கனடாவிலுள்ள தன் வங்கிக்கு அழைத்து, "இந்தக் கொடுப்பனவுகளை நான் செய்யவில்லை, யாரோ திருடிவிட்டார்கள்" என்றான். வங்கி பணத்தைத் தற்காலிகமாக அவனது கணக்கில் திரும்ப வைத்தது. இதைத்தான் வங்கிக்காரர் சார்ஜ்பேக் என்கிறார்கள். அட்டைதாரர் ஒரு கொடுப்பனவை மறுக்கிறார். வங்கி கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திருப்பி இழுக்கிறது.

வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். அடுத்த நாளே கடை அந்தக் கணக்கைப் பூட்டிவிட்டது. விளையாட்டு மட்டும் போகவில்லை. ஒரு வருடத்துக்குக் கட்டிவைத்திருந்த ஆங்கிலச் செயலியும் அதே கணக்கில்தான் இருந்தது. ஆறு கிழமைகள் கழித்துக் கடை தன் பக்க ஆதாரத்தை வங்கிக்கு அனுப்பியது. அதே கைத்தொலைபேசி, அதே கணக்கு, அதே அட்டையால் முன்பு எந்த மறுப்புமின்றிக் கட்டிய கட்டணங்கள். "திருட்டு" என்ற சொல் அந்த ஆதாரத்தின் முன்னால் நிற்கவில்லை. வங்கி பணத்தை மீண்டும் எடுத்துக்கொண்டது. காசும் போனது, கணக்கும் போனது.

இதில் கடை மீது மட்டும் பழி போட முடியாது. திருடிய அட்டைகளால் விளையாட்டுப் பொருட்களை வாங்கி விற்கும் கும்பல்கள் உண்மையாகவே இருக்கின்றன. சார்ஜ்பேக் வந்தவுடன் கணக்கை நிறுத்துவது கடைகள் அதற்கு எதிராகக் கையாளும் வழி. ஆனால், திருடனுக்கும் 15 வயதுப் பிள்ளையின் தாய்க்கும் ஒரே பூட்டைப் போடுவதுதான் பிரச்சினை.

முதலில் கடையிடம் கேட்டிருக்க வேண்டும். அங்கே காலக்கெடு கண்டிப்பானது. கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணித்தியாலத்துக்குள் கேட்டால் கூகுளிடமே மீளளிப்புக் கோரலாம். அதன் பிறகு பெரும்பாலும் செயலியை உருவாக்கிய நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். குடும்பத்தவர் ஒருவர் தெரியாமல் வாங்கிவிட்டார் என்பதும், முன்பின் தெரியாத ஒருவர் அட்டையைப் பாவித்தார் என்பதும் அங்கே இரண்டு வேறு முறைப்பாடுகள். பின்னதற்கு 120 நாள் அவகாசம் உண்டு. ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் விளையாட்டுக்கான பணத்தைத் திருப்பித் தருகிறார்கள்.

ஆகவே, பிள்ளை செய்ததைத் "திருட்டு" என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் முகநூல் நண்பர்களும் அப்படித்தான் சொல்லச் சொல்வார்கள். பிள்ளை சிறுவர், அனுமதியில்லாமல் வாங்கினார் என்பதுதான் உண்மை. அந்த உண்மைக்கே பலமும் அதிகம். இலங்கையில் 18 வயதுக்குக் குறைந்த ஒருவர் பாதுகாவலரின் சம்மதமின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது என்பது எங்கள் உரோம டச்சுச் சட்ட மரபிலேயே உள்ளது.

அந்தப் பொத்தான் யாருடைய தவறு?

சின்னம்மா இளையவனோடு பல நாள் பேசவில்லை. அண்ணன் அடுப்படியில் நின்று உழைத்த காசு என்பது அவரது கோபம். பிள்ளையும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் திரிந்தான். அவர்கள் இருவருக்கும் நான் சொன்ன கதை இது.

2014 இல் அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அப்பிள் நிறுவனத்தை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்குப் பிள்ளைகள் எதையும் வாங்கலாம் என்றிருந்ததை அது கேள்விக்கு உட்படுத்தியது. ஆகக் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரை அப்பிள் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே வருடம் கூகுள் 1 கோடியே 90 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க இணங்கியது.

எங்கள் கதைக்கு மிக நெருக்கமானது ஃபோர்ட்நைட் விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் மீதான வழக்கு. 2022 டிசம்பரில் அந்த ஆணைக்குழு சொன்ன குற்றச்சாட்டுகளைப் பாருங்கள். குழப்பமாக அமைந்த பொத்தான்களால் விளையாட்டாளர்கள் விரும்பாமலேயே பணம் செலுத்த நேர்ந்தது. பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகளால் வாங்க முடிந்தது. 10 இலட்சத்துக்கும் அதிகமான முறைப்பாடுகள் வந்தும் கவனிக்கப்படவில்லை. தங்கள் வங்கியிடம் முறையிட்டவர்களின் கணக்குகள் பூட்டப்பட்டன. எபிக் 24 கோடியே 50 இலட்சம் டொலரை மீளளிக்க இணங்கியது. கட்டணத்தை மறுத்த காரணத்துக்காக ஒருவரின் கணக்கைப் பூட்டக் கூடாது என்பதும் ஆணைக்குழுவின் கட்டளையில் இருக்கிறது.

ஆக, இளையவன் அழுத்திய மாதிரியான பொத்தான் அவனைப் போன்றவர்கள் அழுத்துவதற்கென்றே அமைக்கப்படுகிறது என்பது ஓர் அரசின் விசாரணையிலேயே எழுந்த குற்றச்சாட்டு. வைரம், நாணயம் என்று வேறு பெயரில் விற்பதும் அப்படித்தான். 100 வைரம் எத்தனை ரூபா என்று பிள்ளை கணக்குப் பார்ப்பதில்லை. இதைக் கேட்ட பிறகு சின்னம்மாவின் கோபம் முழுதாக ஆறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அன்றிரவு அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பின்னால் நிற்கும் அரசு

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். ஸ்டீம் கடையை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வால்வ் மீது அவுஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2014 இல் வழக்குத் தொடுத்தது. விற்றதற்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று அந்தக் கடை சொல்லிவந்தது. தங்கள் ஒப்பந்தத்துக்கு வாஷிங்டன் மாநிலச் சட்டமே பொருந்தும், அவுஸ்திரேலியச் சட்டம் பொருந்தாது என்பது வால்வின் வாதம். சமஷ்டி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 டிசம்பரில் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. மேன்முறையீடும் தோற்றது. ஸ்டீமின் 14 நாள் மீளளிப்பு முறை இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 2015 இல்தான் வந்தது.

கந்தோர் வேறு நாட்டில் இருக்கிறது என்பது ஒரு கடைக்குக் கேடயமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த வழக்கு காட்டியது. ஆனால், அதைக் காட்டியவர் ஒரு தனி விளையாட்டாளர் அல்ல. ஓர் அரச நிறுவனம் அவருக்காக நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உள்ளூரில் வைரம் விற்கும் முகநூல் கடைக்காரர் ஏமாற்றினால் இந்தக் கதவு உதவும். இங்கே கிளையோ முகவரோ இல்லாத வெளிநாட்டுக் கடையை ஒரு தனிநபரின் முறைப்பாட்டுக்காக விசாரணைக்கு அழைப்பது வேறு கதை.

அட்டை இலங்கை வங்கியொன்றுடையது என்றால் இன்னும் இரண்டு வழிகள் உள்ளன. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அணுகலாம். நிதிசார் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். அரச திணைக்களத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அது உங்களுடைய உரிமை.

வெளிநாட்டிலிருந்து வழங்கப்படும் டிஜிட்டல் சேவைகளுக்கு 18 வீத வற் வரியை விதிப்பதற்காக 2025 இல் சட்டம் திருத்தப்பட்டது. வரி என்று வரும்போது கடல் கடந்த நிறுவனத்தையும் தன் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்று அரசு நினைக்கிறது. அப்படியானால், அந்த நிறுவனத்திடம் பணத்தை இழந்தவரின் முறைப்பாட்டுக்கும் அது பதில் சொல்ல வேண்டும் என்று ஏன் ஒரு விதி செய்ய முடியாது? இலங்கையில் விற்கும் கடை, இலங்கையில் முறைப்பாட்டை ஏற்கும் ஒரு முகவரியை வைத்திருக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் பதிலளிக்க வேண்டும். இது பெரிய கோரிக்கை அல்ல.

பைக்குள் வைக்க வேண்டியவை

எங்கள் பகுதிகளில் பலரிடம் கடனட்டை இல்லை. ஒன்றில் வெளிநாட்டு உறவினரின் அட்டை, இல்லாவிட்டால் மலிவாக வைரம் ஏற்றித் தரும் வட்ஸ்அப் இலக்கம். இரண்டிலும் ஆபத்து உண்டு. உறவினரின் அட்டை என்றால் வங்கியிடம் பேசும் உரிமை அவருக்கே. இங்கிருந்து அம்மா அழைத்துப் பயனில்லை. அளவுக்கு மீறி மலிவாக ஏற்றித் தருபவர் திருடிய அட்டையைப் பாவிக்கக்கூடும். உண்மையான அட்டைக்காரர் மறுக்கும்போது பூட்டப்படுவது உங்கள் பிள்ளையின் கணக்கு.

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒரு கட்டளை எண் மின்னஞ்சலில் வரும். கூகுள் பிளேயில் அது ஜி.பி.ஏ. என்று தொடங்கும். அதை அழிக்காதீர்கள். திகதி, தொகை, விளையாட்டின் பெயர், கடைக்கு எழுதிய கடிதம், வந்த பதில், திரைப்படப் பிடிப்புகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வையுங்கள். கடை மறுத்தால் அந்த மறுப்பையும் வையுங்கள். பின்னர் வங்கியிடம் போகும்போது, "முதலில் கடையிடம் கேட்டேன்" என்பதற்கு அதுவே சாட்சி. வங்கிக்கும் காலக்கெடு உண்டு. அட்டையையும் காரணத்தையும் பொறுத்து அது பெரும்பாலும் 120 நாள். கடை பதில் தரும்வரை அதைத் தாண்டிக் காத்திருக்காதீர்கள். அட்டையைக் கைத்தொலைபேசியிலிருந்து இன்றே நீக்கலாம். நீக்க முடியாவிட்டால், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றலாம்.

நாங்கள் கடைசியில் கடைக்கு உண்மையை எழுதினோம். 15 வயதுப் பிள்ளை செய்தது, 38 கட்டளை எண்களும் இவை, வங்கியில் முதலில் சொன்ன காரணம் தவறு என்று. ஆங்கிலத்தில் நான் எழுதினேன். எண்களைச் சின்னம்மா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார், இளையவன் பக்கத்திலிருந்து சரிபார்த்தான். மூன்று கிழமைகளில் 17 கொடுப்பனவுகளுக்குப் பணம் வந்தது. மற்றவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். கணக்கு இன்னும் திறக்கவில்லை.

அந்தப் பதிலையும் சின்னம்மா பிரதி எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறார். மிச்சம் 21 க்கும் இன்னொருமுறை எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார். எழுதத்தான் போகிறேன்.