முதியோர் விழாவும் நமது பொறுப்பும்

2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில், இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் வயதான பெண்கள் நால்வர் உயிரிழந்தனர். முதியோருக்குக் கொடுப்பதற்கும் முறையான ஏற்பாடு தேவை என்பதை நாம் மறக்கலாகாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளை ஜூலை நான்காம் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஞாயிறன்றும் ஷிப்டுக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. கண்டெய்னர் லாரிகள் விரையும் சாலையைப் பெற்றோர் தனியே கடக்கவேண்டியுள்ளது.

ஆகவே, ஷிப்டு மாறும் நேரத்தைத் தவிர்ப்போம். வீட்டு வாசலிலிருந்தே ஆட்டோவில் அழைத்து வருவோம். ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவுப்பாதை அமைப்போம். குடிநீரும் கழிப்பறையும் அருகிலேயே இருக்கட்டும். அன்பளிப்பை அவரவர் இருக்கைக்கே கொண்டுசெல்வோம். வர இயலாதோரை வீடு தேடிச் சந்திப்போம்.

பெரியவர்கள் பத்திரமாக வீடு திரும்பும்போதுதான், நான்காம் கட்டளை கேட்கும் மரியாதை நிறைவு பெறும்.