கோமாளியின் தொண்டு

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையை முதலில் வைத்தார். அழுகையை அதற்கு அடுத்து வைத்தார். இவ்விரண்டும் அண்டை வீட்டாரைப் போல வாழும் இடம் குழந்தையின் உள்ளம். கண்ணீர் காயுமுன்னே சிரிக்கும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு. அவ்வாற்றலை மருத்துவத்துக்குத் துணையாகக் கொள்ளலாகாதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

பிணியுற்ற குழந்தையின் துன்பம் இருவகைப்படும். ஒன்று நோயால் வருவது. மற்றொன்று மருத்துவத்தால் வருவது. முன்பின் அறியாத அறை, முகத்தை மூடிய மனிதர், ஊசி, மயக்கமருந்து ஆகியவற்றைக் கண்டு குழந்தை நடுங்குகிறது. இவையெல்லாம் தன் நன்மைக்கே என உணரும் வயது அதற்கு இல்லை. முதல் துன்பத்தை மருத்துவர் தீர்ப்பார். இரண்டாவதைத் தீர்ப்பார் யார்?

அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் 'பிக் ஆப்பிள் சர்க்கஸ்' என்னும் குழுவைத் தோற்றுவித்தவருள் ஒருவர் மைக்கேல் கிறிஸ்டென்சன். கோமாளி வேடத்தில் வல்லவராகிய அவர், 1986ஆம் ஆண்டில் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கோமாளிகளை அனுப்பும் பணியைத் தொடங்கினார். அவர்கள் மருத்துவரைப் போல் வெள்ளை அங்கி அணிந்தனர். சிவப்பு மூக்கை மாற்றிப் பொருத்தும் விளையாட்டு 'அறுவை' நடத்தினர். அச்சம் விளைத்த அங்கியே நகைப்பை விளைத்தது. 1991இல் பிரான்சிலும் பிரேசிலிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின.

இது வீண் கூத்து எனச் சிலர் எண்ணக்கூடும். இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. அறுவை மருத்துவம் செய்துகொள்ள இருந்த 40 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருடன் பெற்றோர் ஒருவர் மட்டும் சென்றார். மற்றப் பிரிவினருடன் பெற்றோரோடு கோமாளிகளும் சென்றனர். மயக்கமருந்து கொடுக்கும் வேளையில், கோமாளிகள் உடன் சென்ற குழந்தைகளின் கலக்கம் குறைவாகவே இருந்தது. ஆயினும், குழந்தைகளுக்கு நன்மை உண்டு என ஒப்பிய பணியாளருள் பெரும்பாலோர், தம் வேலைக்கு இடையூறாகிறது எனக் கருதி, அதனைத் தொடர விரும்பவில்லை.

இத்தடையை நாம் எளிதாக ஒதுக்கலாகாது. அறுவைக்கூடத்தின் ஒழுங்கு உயிரைக் காப்பது. ஆனால், இடையூற்றை நீக்கும் வழி கோமாளியை விலக்குவதன்று, அவரைப் பயிற்றுவதே. எப்பொழுது நுழைவது, எப்பொழுது ஒதுங்குவது, தூய்மையை எவ்வாறு பேணுவது என்பவற்றை அவர் கற்றல் வேண்டும். நல்ல கோமாளி வாயிலில் நின்று, 'உள்ளே வரலாமா?' எனக் குழந்தையையே கேட்பார். கோமாளியைக் கண்டு அஞ்சும் குழந்தைகளும் உண்டு. 'வேண்டா' என அக்குழந்தை சொன்னால் அவர் திரும்பிவிடுவார். ஊசியையும் கசப்பு மருந்தையும் மறுக்க இயலாத குழந்தை, அவரை மட்டும் மறுக்கலாம். தன் சொல்லுக்கும் மதிப்புண்டு என அது அறிவது சிறிய நன்மையோ?

மருந்துக்கே பொருள் போதாத இடத்தில் கோமாளிக்குப் பொருள் ஏது எனக் கேட்பாரும் உளர். மருந்தைக் குறைத்துக் கோமாளியை அழைக்க வேண்டும் என்று எவரும் கூறார். ஆயினும், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வள்ளுவர் பகுத்ததை நாம் மறத்தலாகாது. குழந்தையின் அருகிருந்து அதன் அச்சம் தணிக்கும் கோமாளி அந்நான்காம் கூற்றைச் சார்ந்தவர். முதன்மையான செலவுகளுக்குப் பின் அவருக்கும் ஓர் இடம் அளித்தல் முறையாகும்.

மாணவர்களே, பிணியுற்ற தோழனைக் காணச் செல்லுங்கால் முகவாட்டத்தோடு செல்லாதீர்கள். அவன் விரும்பினால் சிரிக்கப் பேசுங்கள். விரும்பாவிடின் அமைதியாக அருகில் அமர்ந்திருங்கள். பிறர் குறிப்பறிந்து இன்சொல் வழங்குதலும் ஒரு தொண்டே.